கார் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வண்டியில் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலுக்கு வலு ஏற்றும் ஆம்ப்ளிஃபையர்) மாட்டியபின் ஏதாவது தகராறு வந்தால் முதல் பழி ஆம்ப் மேல் விழும், அடுத்த பழி ஸ்பீக்கர் மேல். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஜோடியாக வாங்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் நல்ல ஜோடியைத் தப்பாக இணைத்திருப்பார்கள். அதனால் எதையும் கழற்றி மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும்.

மூன்று அளவு எடுக்கத் தெரிந்தால் கீழே வரும் பெரும்பாலான கோளாறுகளைப் பிடித்துவிடலாம். ஆம்ப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓம். பாட்டு பலமாக ஓடும்போது ஆம்ப்பின் பவர் முனைக்கும் கிரவுண்டு முனைக்கும் நடுவே டிசி வோல்ட். டெஸ்ட் டோன் ஓடும்போது ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட். அவ்வளவுதான்.

ஓம் அளப்பதில் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 4 காட்டாது, 3.2 முதல் 3.8 வரை ஏதாவது காட்டும். மீட்டர் அளப்பது வாய்ஸ் காயிலின், அதாவது கோனை அசைக்கும் கம்பிச் சுருளின், வெறும் மின்தடையை. அட்டையில் போட்டிருக்கும் 4 என்பது பாட்டு ஓடும்போது இருக்கும் இம்பீடன்ஸின் (மாறும் மின்னோட்டத்துக்கு எதிரான தடையின்) பெயரளவு மதிப்பு. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 அல்லது 0.3 காட்டும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது கோனை (ஸ்பீக்கரின் முன்னே அசையும் கூம்பை) யாரும் தொடக்கூடாது. விரல் லேசாகப் பட்டாலே எண் துள்ளிக் குதிக்கும். காந்தத்துக்குள் காயில் அசைந்தால் அதுவே சின்ன ஜெனரேட்டராகி மின்னழுத்தம் உண்டாக்குவதால்தான் இப்படி. எண் நின்று நிதானமாகும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் கரகரப்பு எங்கே பிறக்கிறது என்று பிரியுங்கள். ஆம்ப்பின் கெயின் திருகை முழுவதும் குறைத்துவிட்டு, ஹெட் யூனிட்டின் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவின்) வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவைத் தாண்டி ஏற்றுங்கள். சத்தம் சின்னதாக இருந்தாலும் கரகரப்பு அப்படியே இருக்கிறதா? அப்படியானால் சிக்னல் ஹெட் யூனிட்டிலிருந்து கிளம்பும்போதே கெட்டுப்போயிருக்கிறது. ஈக்வலைசரில் பாஸை உச்சிக்குத் தள்ளியிருப்பார்கள், லவுட்னஸ் போட்டிருப்பார்கள், அதற்கு மேல் ஆம்ப்பிலும் பாஸ் பூஸ்ட் ஓடும். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி கேளுங்கள். கெயினைக் குறைத்ததும் சத்தம் தெளிந்துவிட்டால் கெயின்தான் குற்றவாளி.

கெயினை இன்னொரு வால்யூம் பட்டன் என்று நினைப்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. ஹெட் யூனிட் அதிகபட்சம் இத்தனை வோல்ட் அனுப்பும் என்று ஆம்ப்புக்குத் தெரிவிக்கிற வேலை மட்டுமே அதற்கு. ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் போகும் ஆர்சிஏ வெளியீடு 2 வோல்டாக இருக்கலாம், 4 அல்லது 5 ஆகவும் இருக்கலாம். பல ஆம்ப்களில் கெயின் 0.2 வோல்டிலிருந்து 6 வோல்ட் வரை திருகும். 4 வோல்ட் தரும் ஹெட் யூனிட்டோடு கெயினை 0.2 வரை திருகி வைத்தால், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியதுமே ஆம்ப் தன் முழு சக்தியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு படியும் அலையின் தலையை வெட்டுவதுதான். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். சுத்தமான சக்தி ஒரு வாட்கூட ஏறாது, கரகரப்பு மட்டும் ஏறும்.

சரியாக அமைக்கும் முறையைப் பார்ப்போம். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும். ஸ்பீக்கர் 75 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்), 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், அதாவது 17.3 வோல்ட். 50 வாட்டுக்கு 14.1, 100 வாட்டுக்கு 20. சப்வூஃபருக்கு (பாஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) 300 வாட், 2 ஓம் என்றால் 24.5. ஆம்ப்பின் ஆர்எம்எஸ், ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆம்ப்பின் வாட்டை உங்கள் ஓமுக்கு நேரே போட்டிருக்கும் வரியிலிருந்து எடுக்க வேண்டும். 2 ஓமில் தரும் வாட்டை 4 ஓம் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், ஃபில்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். எஞ்சின் ஓடட்டும், ஆனால் மூடிய இடத்தில் வேண்டாம். ஹெட் யூனிட் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். 0 டெசிபலில் பதிவான டெஸ்ட் டோனைப் போட்டு (கதவு ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ்), மீட்டரை ஏசி வோல்டில் வைத்து, கணக்குப் போட்ட எண் வரும் வரை கெயினை மெல்லத் திருகுங்கள். வந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மலிவு மீட்டர்கள் 50, 60 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்தவை. 1000 ஹெர்ட்ஸில் அவற்றில் சில குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பித் திருகினால் கெயின் அதிகமாகிவிடும். மீட்டரின் கையேட்டில் ஏசி அலைவெண் எல்லை என்ன என்று பாருங்கள். 400 வரைதான் என்றால் கதவு ஸ்பீக்கருக்கும் 200 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு அளங்கள்.

இப்படி அமைத்தபின் சில பழைய பாட்டுகள் சன்னமாகக் கேட்கும். அந்தப் பதிவுகளே உச்ச அளவைத் தொடாதவை. அது உறுத்தினால் மைனஸ் 5 டெசிபல் டோனை வைத்துத் திரும்ப அமைக்கலாம். அதற்குக் கீழே நான் போக மாட்டேன்.

கெயின் சரியாக இருந்தும் கரகரக்கிறது என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். தொண்டை கட்டிய மாதிரி வந்தால் கிளிப்பிங். டப் டப் என்று தட்டினால் கோன் தன் ஓட்டத்தின் எல்லையில் போய் முட்டுகிறது. ஆறரை இஞ்ச் கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஹெர்ட்ஸை வெட்டுவது) போடாமல் விட்டால் இதுதான் நடக்கும். அதே சத்தத்தை 80 ஹெர்ட்ஸில் கொடுப்பதைவிட 40 ஹெர்ட்ஸில் கொடுக்க, கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் போட்டுவிட்டு அதற்குக் கீழே இருப்பதைச் சப்வூஃபரிடம் விட்டுவிடுங்கள். சப் இல்லாத வண்டியில் 60 வரை இறக்கலாம், ஆனால் வால்யூமில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஃபில்டரும் சரி என்றால் ஸ்பீக்கரைக் கழற்றி, கோனின் இருபுறமும் விரல் வைத்து ஒரே சீராக மெல்ல அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மணல் தேய்வதுபோல் விரலுக்குத் தட்டுப்பட்டால் வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசுகிறது. எந்தத் திருகலும் அதைச் சரிசெய்யாது; ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும்.

பாட்டு நடுவே ஆம்ப் அணைந்து, பிறகு தானாக வருகிறது

ஆம்ப்பின் புரொடெக்ட் விளக்கு (தன்னைக் காத்துக்கொள்ள ஆம்ப் அணையும்போது எரிவது) எரிகிறதா என்று பாருங்கள். பிறகு எப்போது எரிகிறது என்று பாருங்கள். பாதி விடை அந்த நேரத்திலேயே இருக்கிறது.

சாவி போட்ட உடனே எரிந்தால் எங்கோ ஷார்ட். ஸ்பீக்கர் ஒயர்கள், ஆர்சிஏ எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். அப்போதும் எரிந்தால் பவர் லைனைப் பாருங்கள். பவரும் கிரவுண்டும் சரி என்றால் ஆம்ப்பின் உள்ளேதான் கோளாறு. விளக்கு அணைந்தால் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், மாட்டிக்கொள்வது எது என்று தெரிந்துவிடும். கழற்றிய ஸ்பீக்கர் ஒயருக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே ஓமில் வைத்த மீட்டர் இணைப்பு எதையும் காட்டக்கூடாது. கதவு மடிப்பில் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயரும், சீட் தண்டவாளத்தின் அடியில் போகும் ஒயரும் தோல் உரிந்து பாடியைத் தொடுவது சகஜம்.

பலமான பாஸ் வரும்போது மட்டும் அணைந்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று வோல்ட் இறங்குகிறது (அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்). மற்றது, ஆம்ப் தாங்குவதைவிடக் குறைந்த ஓமை அதன் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

டபுள் காயில் (இரண்டு வாய்ஸ் காயில் உள்ள) சப்வூஃபரில்தான் இந்தக் கணக்கு அதிகம் தப்புகிறது. இரண்டு 4 ஓம் காயில்களை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் 8, பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 2. இரண்டு 2 ஓம் காயில்கள் என்றால் சீரிஸில் 4, பேரலலில் 1. இது பலருக்கும் தெரியும். பிரிட்ஜ் செய்யும்போதுதான், அதாவது இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும்போதுதான், மறந்துவிடுகிறார்கள். இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலுக்கும் ஸ்பீக்கரின் ஓமில் பாதிதான் தெரியும். 4 ஓம் சப்பை பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலும் 2 ஓமைச் சுமக்கிறது. அதனால்தான் 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப் என்று எழுதிவிட்டு, பிரிட்ஜில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அந்த ஆம்ப்பில் டபுள் 4 ஓம் சப்பைப் பேரலலாகப் பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலும் 1 ஓமில் திணறும். சன்னமாகக் கேட்கும்வரை ஒன்றும் தெரியாது. சத்தம் ஏறியதும் தன்னைக் காத்துக்கொள்ள ஆம்ப் அணைந்துவிடும். அது கெட்டுப்போகவில்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது.

தீர்வு? அதே சப்பை சீரிஸில் 8 ஓமாக மாற்றினால் ஆம்ப் நிம்மதியாக ஓடும், ஆனால் 4 ஓமில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி வாட்தான் வரும். இன்னும் வாங்கவில்லை என்றால், பிரிட்ஜில் 4 ஓம் கேட்கும் ஆம்ப்புக்கு டபுள் 2 ஓம் சப்பை சீரிஸில் போடுங்கள், அல்லது சிங்கிள் காயில் 4 ஓம் சப்பை வாங்குங்கள். 1 ஓம் தாங்கும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் என்றால் டபுள் 2 ஓம் சப் ஒன்று பேரலலில், அல்லது டபுள் 4 ஓம் சப் இரண்டு முழுக்கப் பேரலலில் சரியாகப் பொருந்தும்.

இரண்டு சப் போடும் எண்ணம் இருந்தால் கடையில் காசு கொடுக்கும் முன்பே இதைப் பாருங்கள். இரண்டு டபுள் 2 ஓம் சப்களை நாலு காயிலுக்கும் சமமாகச் சக்தி போகும்படி இணைத்தால் 0.5, 2, 8 ஓம் என்று மூன்றுதான் வரும். 1 ஓமோ 4 ஓமோ வர வழியே இல்லை. இரண்டு டபுள் 4 ஓம் என்றால் 1, 4, 16. அங்கே 2 வராது. ஆம்ப்பின் அட்டையில் எந்த ஓமுக்கு நல்ல வாட் தருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஓமைத் தரும் காயிலைத் தேடுங்கள். சப்பை முதலில் வாங்கிவிட்டு ஆம்ப்புக்கு அலைவது எப்போதும் சுற்றுவழி.

1 ஓம் அருகே சாதாரண மீட்டரின் எண்ணை நம்ப முடியாது. ஒவ்வொரு காயிலையும் தனியாக அளந்து, இணைப்பைக் கண்ணால் பார்த்துக் கணக்குப் போடுவதே சரி. முன் கதவு ஸ்பீக்கரையும் பின் ஸ்பீக்கரையும் ஒரே சேனலில் சேர்த்துக் கட்டியிருந்தாலும் 4 ஓம் 2 ஓமாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இருபது, முப்பது நிமிடம் கழித்து அணைந்தால் அது சூடு. கிளாஸ் ஏபி என்ற வகை ஆம்ப் உள்வாங்கும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் ஸ்பீக்கருக்குப் போகும். 400 வாட் வெளியே வர 700 வாட்டுக்கு மேல் உள்ளே போக வேண்டும். மிச்சம் 300 வாட்டுக்கு மேல் அந்த உலோகக் கூட்டில் சூடாக நிற்கும். கிளாஸ் டி வகை 80 சதவீதத்துக்கு மேல் தருவதால் சூடு மிகக் குறைவு. சீட்டின் அடியில் கார்பெட்டால் மூடி வைத்திருந்தால் முதலில் அதை விடுவியுங்கள். குறைந்த ஓமில் ஓடும் ஆம்ப்பும் கூடுதலாகச் சுடும். ஆகவே இதற்கும் மேலே சொன்ன ஓம் கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள்.

பாஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை

வாட் போதும், சப் புதிது, ஆனால் அடி விழவில்லை. பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் திருப்பிக் கேளுங்கள், பிறகு வலப்பக்கம், பிறகு நடுவில். பக்கவாட்டில் இருந்த பாஸ் நடுவில் வைத்ததும் மெலிந்தால் கதவு ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று பிளஸ் மைனஸ் மாறி மாட்டப்பட்டிருக்கிறது. ஒரு கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, காற்று இரண்டுக்கும் நடுவே சமாதானமாகிவிடுகிறது. பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் எங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆம்ப் பக்கத்தில் ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் மாறியிருக்கிறது. ட்வீட்டரில் (கீச்சுச் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கரில்) இதைச் செய்யாதீர்கள்.

டபுள் காயில் சப்பில் இந்தச் சோதனையை நான் கட்டாயம் என்பேன். இரண்டு காயில்களில் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டால் மீட்டர் சரியான ஓமையே காட்டும், ஆம்ப்பும் முனகாது. ஒரு காயில் தள்ளுவதை மற்றது இழுப்பதால் கோன் மட்டும் நகராது. அசையாத காயிலில் மின்சாரம் முழுதாக ஓடும், அசைவால் கிடைக்கும் காற்றோட்டம் இராது, சூடு ஏறி காயில் கருகிவிடும். பேட்டரியைத் தொட்டதும் சப் சின்னதாக டொக் என்று முன்னே வந்தால் சரி. கனமாக, செத்ததுபோல் அப்படியே நின்றால் உடனே காயில் ஒயர்களைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பாஸ் கம்மி என்றால், சப்புக்கும் கதவு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒத்திசைவு இல்லாமல் இருக்கலாம். 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். ஆம்ப்பில் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் 0, 180 என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால் ஆம்ப்பை அணைத்துவிட்டு சப் ஒயரை மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எதில் சத்தம் கூடுதலோ அதுவே சரி, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும். கதவுக்கு ஹை பாஸ் 120, சப்புக்கு லோ பாஸ் 50 என்று வைத்து நடுவில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

ட்வீட்டர் அடிக்கடி எரிகிறது

சின்ன ஆம்ப் ஸ்பீக்கரைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆம்ப் சின்னதாக இருப்பது ஒரு குற்றமும் இல்லை. அதை வலிந்து கத்தவைப்பதுதான் கெடுக்கிறது. தலை வெட்டப்பட்ட அலை சதுர அலையை நெருங்கும். அதே உச்சமுள்ள முழுச் சதுர அலையில் சைன் அலையைப்போல் இரண்டு மடங்கு சக்தி இருக்கும். பாட்டில் உச்சம் அவ்வப்போதுதான் வரும், சராசரி மிகக் குறைவு. கிளிப்பிங் நடக்கும்போது உச்சம் அங்கேயே நிற்க, சராசரி மேலேறுகிறது. கூடவே அசல் பதிவில் இல்லாத உயர் அலைவெண்கள் முளைத்து நேராக ட்வீட்டருக்குப் போகின்றன. முடிபோன்ற மெல்லிய கம்பி அதைத் தாங்காது. அதனால் ட்வீட்டர் எரிந்தால் பெரிய ட்வீட்டர் தேடாமல் மேலே சொன்ன கெயின் கணக்குக்குத் திரும்புங்கள்.

இன்னொரு காரணம், ட்வீட்டருக்குத் தாழ்ந்த ஹெர்ட்ஸ் போகாமல் வெட்டும் கப்பாசிட்டர். 4.7 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் 4 ஓம் ட்வீட்டரோடு சுமார் 8500 ஹெர்ட்ஸில் வெட்டும். அதையே 8 ஓம் ட்வீட்டரோடு போட்டால் வெட்டும் இடம் 4200-க்கு இறங்கிவிடும். ட்வீட்டர் தனக்கு உரியதல்லாத சுமையைத் தூக்க நேரும். காம்போனென்ட் செட்டோடு (ட்வீட்டர் தனியாக வரும் ஸ்பீக்கர் செட்) வந்த கிராஸ்ஓவரை (எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஹெர்ட்ஸ் என்று பிரித்து அனுப்பும் பெட்டியை) வேறு ஓம் ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள் என்பது இதனால்தான். பாசிவ் கிராஸ்ஓவர் இல்லாமல் ட்வீட்டருக்கு நேராக ஆம்ப் சேனல் கொடுக்கிறவர்கள், ஃபில்டர் அமைப்பு ஒருமுறை அழிந்தாலும் ட்வீட்டர் பிழைக்கும்படி ஒரு பாதுகாப்புக் கப்பாசிட்டரைச் சீரிஸில் விட்டுவையுங்கள்.

பெரிய ஆம்ப் போட்டும் சத்தம் கூடியதாகத் தெரியவில்லை

பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை மறந்துவிடுங்கள். 4×50 வாட் என்று எழுதிய ஹெட் யூனிட் உண்மையில் ஒரு சேனலுக்கு 20 வாட் பக்கம்தான் தரும். 14.4 வோல்ட் மின்சாரத்தில் அலையின் உச்சம் 14.4-ஐத் தாண்டாது. ஆர்எம்எஸ் ஆக (அலையின் பயனுள்ள மதிப்பாக) அது 10.2 வோல்ட், 4 ஓமில் 26 வாட். உள்ளே இழப்பு போக மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. வோல்டை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் பவர் சப்ளை இருப்பதால்தான் தனி ஆம்ப் இந்தச் சுவரைத் தாண்டுகிறது.

ஆம்ப்பின் உண்மையான வலுவை அதன் ஃபியூஸ் காட்டிக்கொடுக்கும். 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருந்தால், 30 × 14.4 = 432 வாட்தான் தொடர்ந்து உள்ளே போகும். கிளாஸ் டி என்றால் வெளியே வருவது 350 வாட் பக்கம், ஏபி என்றால் 240 பக்கம். சிடிஏ-2006 என்ற அளவுமுறைப்படி போட்ட வாட் என்றால் நம்பலாம். பழைய பெட்டிகளில் இது சிஇஏ-2006 என்று இருக்கும். 14.4 வோல்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவோடு அளந்த எண் அது.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே 50 வாட்டிலிருந்து 75-க்குப் போனதில் பெரிய மாற்றம் எதிர்பார்க்கக்கூடாது. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை (குறிப்பிட்ட வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்ணை) பாருங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் வரும் சத்தமும் 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட் கொடுத்தால் வரும் சத்தமும் ஒன்றே. ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று கவனியுங்கள். 2.83 வோல்டில் அளந்த எண், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட் கொடுத்து அளந்தது. 1 வாட்டில் அளந்த எண்ணைவிட 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும்.

ஜோடி பொருத்த, ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் வாட்டில் முக்கால் பங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை ஆம்ப்பின் ஆர்எம்எஸ் இருந்தால் நல்லது. நானாக இருந்தால் சற்று மேலே வாங்கி கெயினைக் கீழே வைப்பேன்.

பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது

ஆம்ப்பின் முனையில் டிசி வோல்ட் அளங்கள். எஞ்சின் ஓட, சத்தம் பலமாக இருக்கும்போது பேட்டரியில் 14 இருந்து ஆம்ப்பில் 12.5 என்றால் ஒயர் தின்கிறது. பேட்டரியிலேயே 12.5 என்றால் ஆல்டர்னேட்டர் போதவில்லை.

ஒயர் கணக்கு எளிது. 500 வாட் கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் 45 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதே அளவு கிளாஸ் ஏபி 60-ஐத் தாண்டும். 5 மீட்டர் 8 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) செம்பு ஒயரில் 60 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் காணாமல் போகும். 4 கேஜில் 0.25 வோல்ட்தான். இது சுத்தச் செம்புக்கு. மேலே செம்பு பூசிய அலுமினிய ஒயர் வெளிப்பார்வைக்குத் தடிமனாக இருந்தாலும் கடத்துவது மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒயரின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் ஒரு அளவு பெரிய ஒயராகப் போடுங்கள்.

கிரவுண்டுப் பக்கத்தையும் அளங்கள். பாட்டு ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப்பின் கிரவுண்டு முனைக்கும் நடுவே 0.1 வோல்டுக்கு மேல் இருக்கக்கூடாது. இருந்தால் கிரவுண்டு லக்கை (ஒயர் முனையில் உள்ள வளையத்தை) கழற்றி, பெயின்டை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் கிரவுண்டு எடுக்காதீர்கள்.

பவர் ஒயரில் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்ப்பைக் காக்க அல்ல, ஒயர் உரசித் தீப்பிடிக்காமல் இருக்க. எந்த ஒயர் வேலைக்கும் முன்னால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு வீய்ங் என்று ஏறி இறங்கும் சத்தம்

ஆர்சிஏவை ஆம்ப்பிலிருந்து பிடுங்குங்கள். சத்தம் நின்றால் அது ஆர்சிஏ வழியாகவோ ஹெட் யூனிட்டின் கிரவுண்டு வழியாகவோ வருகிறது. பவர் ஒயரை ஒரு பக்கமும் ஆர்சிஏவை மறுபக்கமும் கொண்டுபோங்கள், இரண்டின் கிரவுண்டையும் சரிபாருங்கள். கெயின் அதிகமாக இருந்தால் இந்த இரைச்சலும் கூடவே பெரிதாகும் என்பதால், கெயினைச் சரியாக அமைத்ததுமே பல வண்டிகளில் இது காதுக்கு எட்டாமல் போய்விடும்.

வண்டியோடு வந்த ஸ்டீரியோவில் ஆம்ப் சேர்த்தபின் குழப்பம்

கம்பெனி ஸ்டீரியோவில் பெரும்பாலும் ஆர்சிஏ இராது. ஸ்பீக்கர் ஒயரிலிருந்து ஹை லெவல் இன்புட் எடுக்க வேண்டும். அந்த ஸ்பீக்கர் மைனஸ் ஒயர் கிரவுண்டு அல்ல. இரண்டு ஒயரிலும் பாடியைப் பொறுத்து 6, 7 வோல்ட் டிசி நிற்கும். நாலு மைனஸையும் ஒன்றாக முறுக்கினாலோ பாடியில் தட்டினாலோ ஸ்டீரியோவின் உள்ளிருக்கும் ஐசி (ஆம்ப் சிப்) போய்விடும்.

ஆம்ப் மாட்டியதும் ஸ்டீரியோ மௌனமாகிவிட்டால், அது தன் முனையில் ஸ்பீக்கரைத் தேடுகிறது. ஆம்ப்பின் ஹை லெவல் இன்புட்டின் தடை மிக அதிகம் என்பதால் ஸ்பீக்கர் இல்லை என்று முடிவுகட்டுகிறது. அதற்கென்றே விற்கும் லோட் ரெசிஸ்டரை அந்த ஒயர்களுக்குக் குறுக்கே போட்டால் சரியாகிவிடும்.

வால்யூம் ஏற ஏற பாஸ் குறைந்தால் சப்பைச் சந்தேகிக்க வேண்டாம். பல கம்பெனி ஸ்டீரியோக்கள் தங்கள் சின்ன ஸ்பீக்கர்களைக் காக்க வேண்டுமென்றே அப்படிச் செய்கின்றன. 40 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, ஸ்டீரியோவின் வெளியீட்டை வால்யூம் படிப்படியாக அளந்தால் ஓரிடத்தில் வோல்ட் ஏறாமல் நின்றுவிடும். அந்தப் படிக்குச் சற்றுக் கீழே வால்யூமை நிறுத்திக்கொண்டு கெயினை அமையுங்கள்.

கம்பெனி ஆம்ப் உள்ள வண்டிகளில் ஸ்பீக்கர்கள் 2 ஓமாக இருப்பதுண்டு. அங்கே 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் வாட் பாதியாகி, புதுசு பழசைவிடச் சன்னமாகக் கேட்கும். கழற்றிய பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போடும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள். 1.6, 1.8 காட்டினால் அந்த இடத்துக்கு 2 ஓம் ஸ்பீக்கர்தான் வாங்க வேண்டும்.